துவாய்க் கம்பி

இடப்பக்கத் தாங்கி தொட்டதும் வந்துவிட்டது.
வலப்பக்கத்தது
காலை ஏழிலிருந்து என்னோடு மல்லுக்கு நின்றது.

பெரிய சாமான் ஒன்றுமில்லை.
உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புக் கிண்ணம்,
சுவரில் கவிழ்த்து ஒட்டியதுபோல்.
முலாம் போய், கறள் பூத்து.
டைக் தெருவில் எதுதான் கறளாவதில்லை?
கடல் எங்கள் மதிலுக்கு இருநூறு யார் தள்ளி,
உப்பு மட்டும் வீட்டுக்குள்ளே குடியிருக்கிறது,
வாடகை தராமல்.

வாடை தொடங்குமுன் பெயின்ற் காயவேண்டும்.
தபால் கந்தோரில் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் லீவு.
வாளி திறந்தாயிற்று, இளம் பச்சை.
மூடியில் ‘பனிக்காலைப் புல்’ என்று பேர்.
பனிக்கு நான் எங்கே போக?

இரவு வேலை முடித்து மா ஆலையிலிருந்து வந்த குகராஜ்
அடுத்த அறையில் நித்திரை.
அதனால் சுத்தியலுக்கு அவனுடைய காலுறையை மாட்டினேன்.
சத்தமில்லாமல் கோபப்படப் பழகிய கை
நன்றாகத்தான் அடித்தது.

தேங்காயெண்ணெய் விட்டேன்.
மண்ணெண்ணெய் விட்டேன்.
கொதிநீர் வைத்துவிட்டு வாசலுக்குப் போனால்,
நிலத்தில் விரிக்க எடுத்த பத்திரிகையை
கேற்றுக்குள் தலைவிட்ட மான் ஒன்று
மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது.
அதை விரட்டிவிட்டு வர, நீர் ஆறிவிட்டது.
“சனியனே” என்றேன் கிண்ணத்தைப் பார்த்து,
சின்னக் குரலில்.

என்.சி. வீதி ஹார்ட்வெயார் றிஃப்கானுக்குப் போன் எடுத்தேன்.
“அக்கா, கீழால பாருங்க.”
பார்த்தேன் என்றேன்.
“குனிஞ்சு பாத்திருப்பீங்க.
படுத்துப் பாருங்க.”

படுத்தேன். ஈரத் தரையில் முதுகு.
போன் வெளிச்சத்தில் ஒரு பல்லி முட்டை,
முந்தி இருந்தவர்கள் பூசிய நீலம்
சொட்டாகிக் காய்ந்து தொங்கிய இடம்.
நகத்தால் சுரண்டினேன்.
சொட்டுக்குள் ஒரு திருகாணி,
அரிசியளவு.

நான் சண்டை பிடித்ததெல்லாம் சுவரோடு.
பிடித்துக்கொண்டிருந்தது இது.
மேலே விட்ட எண்ணெயெல்லாம் வழிந்து
இங்கேதான் வந்து காத்திருக்கிறது.
அரைச் சுற்று.
ஆடிய பல்போல, வலிக்காமல்,
கிண்ணம் நெஞ்சில் விழுந்தது.

அதற்கு முன்பே ஒரு டைல் மூலையில் வெடித்திருந்தது.
வீட்டுக்காரர் கனடாவிலிருந்து கேட்டால்
முந்தியே இருந்தது என்பேன்.

கிண்ணம் மறைத்த வட்டத்துக்குள்
நீலத்துக்கும் முந்திய ரோஸ்.
நடுவே துளை. துளைக்குள் தீக்குச்சிகள்,
நாலோ ஐந்தோ, மருந்து முனையோடு
இறுக்கி அடைத்தபடி.
பக்கத்தில் தவறிப்போட்ட இன்னொரு துளை,
சவுக்காரத்தால் மூடியது.
சற்றே சரிந்த ஒரு பென்சில் கோடு.

யாரோ இதே இடத்தில் நின்று
இது நிற்கவேணும் என்று பாடுபட்டிருக்கிறார்.
ஆடுது. இன்னொரு குச்சி.
இன்னும் ஆடுது. இன்னொன்று.
பெட்டியில் மிச்சம் எத்தனை என்று பார்த்திருப்பார்,
இரவு விளக்குக்கும் வேண்டுமே.

ஊசியால் கிண்டி எடுத்ததில்
ஒன்றை உரசிப் பார்த்தேன். பற்றவில்லை.
பற்றும் என்று ஏன் நினைத்தேனோ.

பிறகு சுவர்மா, மணற்கடதாசி, இரண்டு பூச்சு.
நாலு மணிக்குச் சுவர் முழுக்கப் பச்சை.
எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை.

ஐந்துக்கு எழும்பின குகராஜ்
அரைக்கண்ணோடு வந்து முகம் கழுவினான்.
“ஈரம்” என்று நான் சொல்லி முடிக்குமுன்
துவாயால் துடைத்து,
சுவரைப் பாராமலே கையை நீட்டி
கம்பியில் போட்டான்.

புதுப் பச்சையில் நீளமாய் ஓர் இழுவை.
நிலத்தில் துவாய்.
அவன் அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
கை இன்னும் அந்த உயரத்திலேயே.

“இதில ஒண்டு இருந்ததெல்லோ?”